மேலொட்டியும் குருவிச்சையும்: வெசாக் ஓர்க்கிட் வளர்ப்பு பற்றிய சில குறிப்புகள்

நமது இலக்கிய விமரிசனத்தில் 'வேர்' என்னும் சொல் பெற்றுள்ள செல்வாக்கினை வேறெந்தத் தாவர உறுப்பும் பெற்றதில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்தில் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகியன குறித்து நடைபெற்ற விவாதங்களிலிருந்து இன்றுவரை, மண்ணில் வேரூன்றியது நல்ல இலக்கியம், வேரற்றது நலிந்த இலக்கியம் என்ற பாகுபாடு ஏறத்தாழக் கேள்விக்கு இடமின்றி வழங்கிவருகின்றது. அவ்வாறே, உழைக்காது உண்ணும் கூட்டத்தாரைச் சுட்டுவதற்கு யாழ்ப்பாணத்து எழுத்தாளர் 'குருவிச்சை' என்பர். தமிழகத்தார் 'புல்லுருவி' என்பர். இவ்விரு உருவகங்களுக்குமிடையே அகப்பட்டு, இரண்டினாலும் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட தாவரக் கூட்டமொன்று உண்டு. மண்ணில் வேர்விடாமையால் அது வேரற்றதெனக் கருதப்படுகின்றது. மரத்தின்மீது வாழ்வதால் மரத்தை உண்பதாகக் கருதப்படுகின்றது. இரண்டும் பிழை. இப்பிழை ஏட்டளவில் நின்றிருப்பின் இக்கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிராது. காட்டிலிருந்து கொணரப்பட்டு, பூச்சாடியில் மண்ணிட்டு நடப்பட்டு, ஓராண்டுக்குள் அழுகி மடியும் ஓர்க்கிட் செடிகள் யாவும் இப்பிழையினாலேயே மடிகின்றன.

குருவிச்சையை நாம் அனைவரும் அறிவோம். மாமரக் கிளையில் குருவி துடைத்துவிட்டுச் செல்லும் பசைமிக்க வித்து முளைத்து, மரப்பட்டையைத் துளைத்து, உள்ளே ஓடும் நீரையும் கனியுப்புகளையும் தன் உறிஞ்சும் வேரினால் கவர்ந்துகொள்கின்றது. குருவிச்சைக்கும் பச்சை இலைகள் உண்டு. அது தன் மாவுப்பொருளின் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. எனினும் மரத்தின் குழாயில் வாய் வைத்தே அது வாழ்கின்றது என்பதில் ஐயமில்லை. மேலொட்டியின் நிலை வேறு. அது மரத்தின் பட்டைமீது அமர்கின்றதேயன்றிப் பட்டைக்குள் புகுவதில்லை. மழைநீர், பனி, காற்றிற் கலந்துவரும் தூசு, மேலுள்ள இலைகளிலிருந்து வழியும் கழுவல்நீர், பட்டையின் வெடிப்புகளில் தங்கி உக்கும் சருகு ஆகியவையே அதன் உணவுக்கு ஆதாரம். மரத்திடமிருந்து அது பெறுவது ஒன்றே ஒன்று: ஒளிக்கு அண்மையான ஓரிடம். பெருந்தொகையாகச் சேருமிடத்து அதன் பாரத்தால் கிளை முறிவதுண்டு; ஆயினும் அதனைச் சுரண்டல் எனல் பொருந்தாது. சில நூல்களில் 'தொற்றுத்தாவரம்' என்னும் கலைச்சொல் வழங்குகின்றது. தொற்றுநோய் உடன் ஒலிப்பதால், எமக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. இலங்கைப் பாடநூல்கள் ஆளும் 'மேலொட்டி' என்பதே செம்மையானது.

ஈண்டு ஒரு செய்தி சுவையானது. ஒட்டுண்ணியைக் குறிக்கும் 'பரசைற்' என்னும் மேனாட்டுச் சொல் தாவரவியலிற் பிறந்ததன்று. கிரேக்கத்தில் அது பிறர் பந்தியில் அமர்ந்து உண்பவனைக் குறித்தது. செல்வரைப் புகழ்ந்து வயிறு வளர்க்கும் அம்மாந்தன் கிரேக்க இன்பியல் நாடகத்தின் நிலையான பாத்திரங்களுள் ஒருவன். சமூக உறவொன்றுக்கு இட்ட பெயரே பின்னர் இயற்கைக்குச் சென்றது. நாமோ அதனை இயற்கையிலிருந்து மீண்டும் சமூகத்துக்குக் கடன்வாங்கி, இயற்கையே சான்று பகர்வதாக எண்ணிக்கொள்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தோட்டக்காரர் பலர் மேலொட்டி ஓர்க்கிட்டுகளையும் ஒட்டுண்ணிகளென்றே அழைத்தனர் என்பதையும் இத்தொடர்பில் நினைவிற் கொள்ளல் வேண்டும். பெயர் பிழைத்தபோது வளர்ப்பும் பிழைத்தது. வெப்ப நாட்டுச் செடிகளுக்கு வெப்பமும் ஈரமும் மட்டுமே தேவை எனக் கருதி, காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் அடுப்பு மூட்டி, உக்கிய மரத்தூளிலும் கரியமண்ணிலும் அவற்றைப் புதைத்தனர். கப்பல் கப்பலாக வந்த செடிகள் செத்தொழிந்தன. 1830களில் சற்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்தில் யோசேப்பு பக்ஸ்ரன் காற்றோட்டத்துக்கு வழிவிட்டு, வெப்பத்தையும் குறைத்த பின்னரே நிலைமை மாறிற்று. அதுவரை இறந்த செடிகளுக்கு ஈடுசெய்ய மேலும் மேலும் காடுகள் சூறையாடப்பட்டன. வளர்ப்பு வெற்றிபெற்ற பின்னரோ, ஓர்க்கிட் பெருஞ்செல்வரின் ஏலப் பண்டமாகிவிட்டமையால், அச்சூறை இன்னும் பெருகிற்று. கொலம்பியாவில் ஓர்க்கிட் திரட்டிய அல்பேட் மிலிக்கன் 1891இல் வெளியிட்ட பயணநூலில், மரத்தின் உச்சியிலிருந்த செடிகளைப் பறிப்பதற்காக ஆயிரக்கணக்கான மரங்களையே வீழ்த்தியமை மறைவின்றிச் சொல்லப்படுகின்றது.

நாம் எடுத்துக்கொண்ட செடி இலங்கைக்கே உரியதெனப் பொதுவாகக் கருதப்படும் டென்றோபியம் மக்கார்த்தியே. டென்றோபியம் என்பதற்கு 'மரத்தில் வாழ்வது' என்று பொருள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அப்பெருஞ்சாதியில் இது மெலிந்த உடல்வாகுடையது. பென்சிலினும் ஒடுங்கிய தண்டுகள் ஒரு முழம் அளவில் கீழ்நோக்கித் தொங்கும். ஈட்டி வடிவான இலைகள் இருமருங்கும் வரிசைப்படும். இரண்டு முதல் ஐந்து வரையான பூக்கள் தலைகவிழ்ந்து மலரும். இதழ்கள் வெளிறிய ஊதா கலந்த இளஞ்சிவப்பு; உதட்டிதழின் நடுவே கருஞ்சிவப்புத் திட்டு. தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலக் காடுகளே இதன் தாயகம். மே மாதத்தையொட்டிப் பூப்பதால் சிங்கள மக்கள் இதனை 'வெசக் மல்' என்பர். வெசாக்கும் நமது வைகாசியும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. 'வைகாசிப் பூ' என நாமும் கூறலாம்.

விஞ்ஞானப் பெயரின் வரலாறு வேறு வகையானது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக 1849இல் வந்த துவெயிற்ஸ் இச்செடியை விவரித்து, அப்போதைய குடியேற்ற நாட்டுச் செயலாளரும் 1860 முதல் 1863 வரை தேசாதிபதியுமான சேர் சாள்ஸ் மக்கார்த்தியின் மனைவியார் பெயரை அதற்குச் சூட்டினார். 1855இல் இங்கிலாந்தின் தாவரவியற் சஞ்சிகையில் அது வண்ணப்படத்துடன் வெளிவந்தது. அதே காலத்தில் அதே பூங்காவில் ஹரமானிஸ் த அல்விஸ் என்னும் சிங்களச் சித்திரக்காரர் பணியாற்றினார். 1820களிலிருந்து 1860களின் தொடக்கம்வரை அவரும், பின்னர் அவர் மைந்தரும் வரைந்த படங்களின்மீதே இலங்கைத் தாவரவியலின் பெரும்பகுதி கட்டப்பட்டது எனின் மிகையாகாது. அல்விசின் பெயருக்கும் ஓர் ஓர்க்கிட் கிடைத்தது: 1850களின் இறுதியில் லின்ட்லி பெயரிட்ட தேனியோபில்லம் அல்விசியை. இலையே இல்லாத, சில மில்லிமீற்றர் பூவையுடைய, மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் பச்சை வேர்களின் சிறு முடிச்சு அது. கூர்ந்து நோக்காதார் கண்ணிற் படாது. அதிகாரியின் துணைவியாருக்குக் கண்கவர் மலரும் ஊழியருக்குக் கண்ணிற்படாச் செடியும் என்ற இப்பங்கீட்டைத் திட்டமிட்ட அவமதிப்பென நாம் கொள்ளவில்லை. அக்கால உறவுகள் பெயரிடும் கைக்குத் தாமாகவே வழிகாட்டின என்பதே எமது கருத்து.

ஆயினும், செடி வளர்ப்போருக்கு ஆசானாக அமைவது அல்விசின் செடியே. இலையற்ற அச்செடியில் ஒளித்தொகுப்பை நிகழ்த்துவன வேர்களே. நாடாப்போன்ற பச்சை வேர்களை இலையென மயங்கத்தக்கதாக, அச்சாதிக்கு 'நாடா இலை' எனப் பொருள்படும் பெயரே வைத்துவிட்டனர். வேரென்றால் மண்ணுள் மறைந்திருப்பது, இருளை நாடுவது என்னும் நமது எண்ணம் இங்கே தகர்கின்றது. வெசாக் ஓர்க்கிட்டின் வேரும், அந்த அளவுக்கன்றாயினும், அவ்வகையினதே. அதன் வெளிப்புறத்தே வெலமன் என்னும் போர்வை உண்டு. இறந்த வெறுங்கலங்களாலான பஞ்சுபோன்ற அப்படை, காய்ந்திருக்கையில் காற்று நிரம்பி வெள்ளிநிறமாகத் தோன்றும். மழைத்துளி பட்டதும் நீரை விரைந்து உறிஞ்சித் தெளிவடைய, உள்ளிருக்கும் பச்சையம் வெளித்தெரியும். மழையின் முதல் வழிதலே பட்டையிலும் இலைகளிலும் படிந்த உப்புகளைக் கரைத்து வருவதால், அதனைத் தவறவிடாது பிடித்துக்கொள்வதே வெலமனின் தொழில். பிடித்த நீர் உள்ளே சென்றபின் அது மீண்டும் காய்ந்து காற்றை ஏற்க வேண்டும். மண்ணிற் புதைத்தால் காய்தலுக்கு வழியில்லை. வேர் மூச்சின்றி அழுகும். ஓர்க்கிட் வளர்ப்பின் விதிகள் எனப் பல நூல்கள் அடுக்குவனவெல்லாம் இந்த ஓர் உண்மையின் விரிவுகளே.

எனவே முதலாவது வினா எதில் நடுவது என்பதன்று, எதில் கட்டுவது என்பதாகும். தண்டுகள் தொங்கி வளர்வதால் வெசாக் ஓர்க்கிட்டுக்குச் சாடி இயல்பாக ஒத்துவருவதில்லை. கரடுமுரடான மரத்துண்டு, தேங்காய்ப் பொச்சுமட்டை ஆகியவற்றுள் எதுவும் போதும். பொச்சுமட்டையைச் சில நாள்கள் நீரில் ஊறவைத்து, கறைநீரை மீண்டும் மீண்டும் கொட்டியபின் பயன்படுத்தல் வேண்டும். அது நீரை நெடுநேரம் பிடித்துவைப்பதாலும் ஓரிரு ஆண்டுகளில் உக்குவதாலும், மழைமிகுந்த இடங்களில் மரத்துண்டே மேலானது. வீட்டில் பலா, மா, அலரி போன்ற பட்டை உரியாத மரமொன்று இருப்பின் உயிர்மரத்திலேயே கட்டலாம். கொய்யா உகந்ததன்று, அதன் பட்டை உரிந்து விழுகையில் வேரும் உடன் விழும். சாடியில்தான் வளர்க்க வேண்டுமாயின் பக்கமெல்லாம் துளையுள்ள மண்சாடியில் ஓட்டுத்துண்டும் மரக்கரியும் இட்டு உயரே தொங்கவிடுக. மண் ஒரு பிடியும் வேண்டாம்.

கட்டுவதற்கு உரிய காலம், புதுத் தளிரின் அடியில் புதுவேர் அரும்பும் காலமே. பழைய வேர்கள் புதிய பரப்பிற் பற்றுவதில்லை, புதியவையே பற்றும். பருத்தி நூலினாலோ பழைய காலுறைத் துண்டினாலோ செடியின் அடி அசையாதவாறு கட்டி, அடியைப் பாசியாலோ தும்பினாலோ மூடிவிடாது வைத்தல் வேண்டும். அசையும் செடியின் இளவேர் நுனி பட்டையில் உராய்ந்து தேயும். தேய்ந்த நுனி மேலே வளராது.

ஒளி பற்றி நமது அநுபவத்திற் கண்டது, இலையே சிறந்த அளவுகோல் என்பதாகும். கரும்பச்சையாகி நீண்டு துவளும் இலை ஒளிக்குறைவைக் காட்டும். மஞ்சள் பாய்ந்த இலை மிகையைக் காட்டும். இளம்பச்சை நிலையே வேண்டுவது. காலை வெயில் இலைகளினூடே சிதறி விழும் இடம் உகந்தது. நண்பகல் வெயில் நேரே படல் ஆகாது.

நீரூற்றலிலேதான் பலர் சறுக்குகின்றனர். டென்றோபியங்களுக்குப் பூக்குமுன் நீண்ட வறட்சி ஓய்வு தேவை என வளர்ப்பு நூல்கள் கூறுவதுண்டு. பருவக்காற்று நாடுகளின் இலையுதிர் காடுகளில் வாழும் இனங்களுக்கு அது பொருந்தும். ஆண்டு முழுவதும் மழைபெறும் இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பகுதிகளின் செடிக்கு அதே விதியைப் புகுத்துதல், ஒரு சமூகத்தின் வரலாற்றிலிருந்து பெற்ற சூத்திரத்தை வேறொரு சமூகத்தின்மீது அப்படியே ஒட்டுவதற்கு ஒப்பானது. நாமும் அத்தொழிலை இலக்கியத்தில் செய்திருக்கின்றோம் அல்லவா? வெசாக் ஓர்க்கிட்டை நாட்கணக்கிற் காயவிடலாகாது. மரத்துண்டிற் கட்டிய செடிக்கு மழையற்ற நாள்களில் காலையில் ஒருமுறை வேர் முழுதும் பச்சையாகும்வரை நீர் தெளித்து, நண்பகலுக்குள் வேரின் மேற்பரப்பு மீண்டும் வெளிறும்படி காற்றோட்டம் கொடுத்தல் வேண்டும். மாலையில் தெளித்த நீர் தளிரின் குருத்தில் இரவெல்லாம் தேங்கின் கருகல் நோய் தோன்றும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனே இச்செடிக்கு உயிர் என்பதால், தொங்கும் செடியின் கீழ் நீர்த்தொட்டியோ அடர்ந்த பன்னங்களோ இருத்தல் நன்று.

நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையூடாக வருவது. தெளிக்கத் தெளிக்க வெலமன்மீது வெண்படிவம் சேர்ந்து அதன் நுண்வாய்களை அடைக்கும். கூரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதே வழி. எனினும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கு இச்செடியைக் காப்பது பெரும்பாடு. வறண்ட வலயத்தில் வாழ்வோர், அங்கேயே இயற்கையாக வளரும் சாம்பற்பச்சை நிற வண்டாவை நாடுவதே முறை. தடித்த வேரும் இறுகிய இலையும் கொண்ட அது வெக்கையைத் தாங்கும்.

உரத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. மழை வழிதலில் வரும் மிக மெல்லிய கரைசலுக்குப் பழகிய வேர் அது. பொதியிற் குறித்த அளவின் நாலிலொரு பங்கை, வளரும் பருவத்தில் வாரமொருமுறை, முன்னரே நனைத்த வேர்மீது தெளித்து, மாதமொருமுறை வெறுநீரால் நன்கு கழுவுதல் போதும். இலையுதிர்ந்த பழந்தண்டுகளை 'உலர்ந்தவை' என வெட்டியெறியும் வழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். அவை இறந்தவையல்ல, புதுத்தளிருக்கு நீரும் உணவும் வழங்கும் சேமிப்பு அவை. சுருங்கி, பழுப்பாகி, கையால் அழுத்தத் தூளாகும் தண்டை மட்டுமே அகற்றலாம். நத்தையும் சிப்பிப்பூச்சியுமே முதன்மையான பகைகள். முன்னையதை இரவில் விளக்குடன் தேடிப் பிடித்தலும், பின்னையதைச் சவர்க்கார நீரிற் தோய்த்த துணியால் துடைத்தலும் நஞ்சு தெளிப்பதினும் மேல்.

இனி, செடியை எங்கிருந்து பெறுவது? இவ்வினாவே ஏனையவற்றினும் முதன்மையானது. இச்செடியின் தாயகமான தாழ்நில ஈரக்காடுகள், 1876இல் ஹெனரத்கொடைக்கு இறப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்தபின், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருந்தோட்டங்களுக்காகப் பெருமளவு அழிந்தன. எஞ்சியவற்றுட் பெரிதான சிங்கராசக் காட்டிலும் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. பொதுமக்களதும் அறிஞரதும் எதிர்ப்பினாலே அது நிறுத்தப்பட்டு, 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும் 1988இல் உலக மரபுரிமையாகவும் அக்காடு ஏற்கப்பட்டது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வெசாக் ஓர்க்கிட்டைப் பாதுகாக்கின்றது. 1975இல் நடைமுறைக்கு வந்த அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் ஓர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன்னுள் அடக்கியுள்ளது. சட்டத்தின் கை பெரும்பாலும் எட்டுவது காட்டோரத்தில் செடி பறித்து அற்ப விலைக்கு விற்கும் ஏழையையே. அச்செடிக்குச் சந்தை ஏற்படுத்துபவர் நகரத்து வரவேற்பறையில் அமர்ந்திருக்கின்றார். பறித்தவரைத் திருடரெனவும் வாங்கியவரை இரசிகரெனவும் அழைக்கும் மொழியை நாம் ஏற்பதற்கில்லை.

மாற்றுவழி ஒரு நூற்றாண்டாக நம்முன் உள்ளது. ஓர்க்கிட் காயொன்றில் தூசுபோன்ற வித்துகள் ஆயிரமாயிரம் உண்டு. ஆனால் முளைக்கத் தேவையான சேமிப்புணவு அவற்றில் இல்லை. காட்டில் குறிப்பிட்ட பங்கசு வித்தினுள் புகுந்தால்தான் அது முளைக்கும் என்பதை பிரான்சைச் சேர்ந்த நோயெல் பேர்னார் 1899இல் தாம் கண்ட நாற்றுகளிலிருந்து நிறுவினார். இளநாற்று அப்பங்கசையே செரித்து வளர்கின்றது. ஆதலால், ஓர்க்கிட்டை எவரையும் உண்ணாத தூய உயிராகப் போற்றிப் புதிய உருவகம் படைக்க விரும்புவோர்க்கும் ஏமாற்றமே மிஞ்சும்: மரத்தை உண்ணாத அது, குழந்தைப் பருவத்தில் பங்கசை உண்கின்றது. 1922இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், சீனியும் உப்புகளும் கலந்த ஏகார்க் கூழில் பங்கசின்றியே வித்துகளை முளைக்கச் செய்யலாமெனக் காட்டினார். 1960இல் ஜோர்ஜ் மொரெல் முகிழ்நுனியிலிருந்து செடிகளைப் பெருக்கும் வழியை வெளியிட்டார். ஒருகாலத்தில் பிரபுக்களின் ஏலப் பொருளாயிருந்த ஓர்க்கிட் இன்று சாதாரண ஊழியரின் சம்பளத்துக்குள் அடங்குவது இவ்விரு கண்டுபிடிப்புகளாலேயே.

ஆதலின், குப்பியில் முளைப்பித்து நாற்றுமேடையில் வளர்த்த செடியையே கேட்டு வாங்குதல் வேண்டும். வேறுபாடு காண்பது கடினமன்று. காட்டுச்செடியின் வேர்கள் முறிந்து, பட்டைத்துண்டுகள் ஒட்டியபடி இருக்கும். இலைகளில் பூச்சி அரித்த வடுக்களும் பாசித்திட்டுகளும் காணப்படும். ஒன்றுக்கொன்று வயது ஒவ்வாத செடிகள் ஒரே குவியலாகக் கிடக்கும். நாற்றுமேடைச் செடிகள் அளவொத்திருக்கும், வேர்கள் முழுமையாயிருக்கும்.

குப்பி நாற்றாகவே கிடைப்பின், வெதுவெதுப்பான நீரில் கூழ் எஞ்சாதபடி வேரைக் கழுவுக; எஞ்சிய சீனியில் பூஞ்சணம் பற்றும். பின்னர் மெல்லிய கரித்துண்டும் நறுக்கிய தும்பும் இட்ட சிறு தட்டில் நெருக்கமாக வைத்து, கண்ணாடித் தகடொன்றால் பாதி மூடி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்து, இரண்டு மூன்று வாரங்களில் வெளிக்காற்றுக்குப் பழக்குக. தண்டு விரல்நீளம் வந்து புதுவேர் காணும்போது மரத்துண்டுக்கு மாற்றலாம். முதற்பூவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும்.